டிக்கியில் அடங்குகிற, நீளம் மாற்றுகிற டோ பார்: நாமே செய்யலாமா?

3 பிப்ரவரி, மாலை: கேள்வி

என்னிடம் ஒரு பழைய ஜீப்பும் ஒரு சின்ன காரும் இருக்கின்றன. கார் மாதம் ஒரு முறையாவது வழியில் நின்றுவிடுகிறது. ஜீப்பில் கட்டி இழுத்துவர, மடக்கி வைக்கிற மாதிரி, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு கம்பி, அதாவது டோ பார், செய்யலாம் என்று இருக்கிறேன். இழுப்பதற்குத்தானே, எந்த பைப் ஆனாலும் தாங்காதா? எவ்வளவு கனம் போட வேண்டும்? வெல்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

3 பிப்ரவரி, இரவு: பதில்

தம்பி, "இழுப்பதற்குத்தானே" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது. ஓமலூர் பக்கம் பத்தொன்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வழியில் நின்ற வண்டிகளை இழுத்து வருவது பாதி வேலை. இழுப்பதற்கு மட்டும் என்றால் கயிறே போதும், பார் எதற்கு?

கணக்கைப் பார். ஆளோடு சேர்த்து உன் கார் 1,100 கிலோ என்று வைத்துக்கொள். சமமான தார் ரோட்டில் அதை நகர்த்த 15, 20 கிலோ இழுவை போதும். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் கார் உருள்கிறதே, அதுதான். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் இன்னும் ஒரு 110 கிலோ சேரும். அவ்வளவுதான் இழுவை. இப்போது முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது, ஜீப் பிரேக் அடிக்கிறது. பின்னால் வரும் காரில் எஞ்சின் ஓடவில்லை. பெடலை இலேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வாக்குவம் (வெற்றிடம்) இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். கார் முழுவதும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வரும். ஓரளவு கடுமையான பிரேக்குக்கு அந்தத் தள்ளு 550 கிலோ. இழுவையைப் போல நான்கு ஐந்து மடங்கு.

ஆக, நீ செய்யப்போவது தள்ளு தாங்குகிற கம்பி. இதை மனதில் வைத்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

எனக்கு இது புத்தகத்தில் வந்த அறிவு இல்லை. 2009-இல் தொப்பூர் கணவாயில், தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது, நைலான் கயிற்றில் ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தேன். காரில் என் மச்சான் உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் கயிறு தொய்ந்து ரோட்டில் உரசுவது கண்ணாடியில் தெரிந்தது. தொய்வை எடுக்க அவர் நாலைந்து முறை பிரேக்கை மிதித்திருக்கிறார். ஐந்தாவது மிதிக்கு பெடல் இறங்கவில்லை. கார் என் வண்டியின் பின்பக்கத்தில் வந்து இடித்து, ரேடியேட்டர் உடைந்து, சுடுதண்ணீர் ரோடெல்லாம் ஓடியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து என் வண்டியில் கயிறு கிடையாது.

4 பிப்ரவரி, காலை

நான் முதலில் செய்தது இரண்டு மீட்டர் தண்ணீர் பைப். இரண்டு முனையையும் சூடாக்கி அடித்துத் தட்டையாக்கி ஓட்டை போட்டேன். வேலை செய்தது. ஆனால் ஜீப்புக்குள் அடங்கவில்லை, மேலே கட்டிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது. ஆறேழு தடவை இழுத்த பிறகு, தட்டையாக்கிய இடத்தின் ஓரத்தில் மயிரிழை மாதிரி விரிசல் கண்டது. பைப்பை அடித்துத் தட்டையாக்குவதை அன்றோடு விட்டேன்.

அப்புறம்தான் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற சதுர பைப். இங்கே எல்லோரும் விழுகிற குழியைச் சொல்லிவிடுகிறேன். 50க்கு 50, 5 மி.மீ கனம் உள்ள பைப்புக்குள் 40க்கு 40 பைப் கச்சிதமாக நுழையும் என்று காகிதக் கணக்கு சொல்லும். 50-இல் இரண்டு பக்கமும் 5 போனால் 40. கடையில் வாங்கி வந்து நுழைத்துப் பார்த்தால் வாயிலேயே நிற்கும். காரணம், இந்த பைப் எல்லாம் தகட்டை வளைத்து ஓரத்தை வெல்டு வைத்து மூடியவை. வெளியே அந்தத் தையலைச் சீவிவிடுகிறார்கள், உள்ளே சீவுவதில்லை. பைப் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் நெடுக ஒரு மேடு, ஒன்று ஒன்றரை மி.மீ உயரத்துக்கு, நத்தை போன தடம் மாதிரி ஓடும். கிரைண்டர் உள்ளே போகாது. பழைய அரத்தை 12 மி.மீ கம்பியின் நுனியில் வெல்டு வைத்து, ஒரு நாள் முழுவதும் ராவினேன். முப்பது சென்டிமீட்டர் கூடப் போகவில்லை.

அடுத்த நாள் வெளிப் பைப்பை 60க்கு 60, 4 மி.மீ என்று மாற்றினேன். உள் அளவு 52. உள் பைப் 50க்கு 50, அதுவும் 4 மி.மீ. தையல் மேட்டுக்கு ஒன்றரை போனாலும் அரை மி.மீ மிச்சம். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

நீளம்: இரண்டும் 90 சென்டிமீட்டர். முனைகள் சேர்த்து, மூடினால் 1.05 மீட்டர். இழுத்தால் 1.75 மீட்டர், அப்போதும் உள்ளே 20 சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். அந்த 20-ஐ யாரும் குறைக்காதீர்கள். உள் பைப்பில் அந்த இடத்தில் சுற்றிலும் சிவப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள். சிவப்பு தெரிந்தால் நீளம் முடிந்தது.

4 பிப்ரவரி, மதியம்

சட்டம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதான வண்டியைப் பக்கத்துப் பட்டறை வரை இழுத்துப் போகலாம். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பின் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும். பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில், குறைந்தது 75 மி.மீ உயரத்தில், 'ஆன் டோ' என்று எழுதிய பலகை வேண்டும். வேகம் 25 கிலோமீட்டருக்குள். ரோட்டில் இந்தப் பலகையை மாட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பழைய பிளாஸ்டிக் வாளி மூடியில் எழுதிக்கூட மாட்டலாம், செலவே இல்லை. தயவுசெய்து மாட்டுங்கள்.

7 பிப்ரவரி

கனம் கேட்டிருந்தாய். முதலில் பைப். 50க்கு 50, 4 மி.மீ பைப்பை 1.75 மீட்டர் நீளத்துக்கு நிறுத்தி மேலே பாரம் வைத்தால், அது வளைய சூத்திரப்படி 15 டன்னுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் பாதி என்று வைத்தாலும் ஏழு டன். உனக்கு வரும் தள்ளு அரை டன் சொச்சம். ஐரோப்பாவில் டிரெய்லர் கொக்கிகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இரண்டு வண்டியின் எடையையும் டன்னில் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். ஜீப் 1.6, கார் 1.1 என்றால் 6.4 கிலோ நியூட்டன் வரும், அதாவது 650 கிலோ. என் கணக்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆகவே பைப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

போவது ஓட்டைதான். நீளத்தை நிறுத்த ஒரு பின் போடுகிறோம். 16 மி.மீ ஈஎன் 8 ராடு (நடுத்தரக் கார்பன் ஸ்டீல்), இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டுத்தான் அறுக வேண்டும் என்பதால் ஆறு டன் வரை தாங்கும். ஆனால் அந்த பின் அழுத்துவது 4 மி.மீ சுவரை. 16 பெருக்கல் 4, வெறும் 64 சதுர மி.மீ. சாதாரண பைப் இரும்புக்கு ஒரு சதுர மி.மீட்டருக்கு 21 கிலோ என்று வைத்தால் 1,344 கிலோவில் ஓட்டை நசுங்க ஆரம்பிக்கும்.

8 பிப்ரவரி

நேற்றைய கணக்கில் தவறு. பைப்புக்கு இரண்டு சுவர் இருக்கிறது, பாரம் இரண்டிலும் பிரியும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான். 128 சதுர மி.மீ. அப்படியானால் 2,690 கிலோ. நன்றி.

ஆனால் முடிவு மாறவில்லை. 650 கிலோ என்பது நிதானமாக வரும் பாரம். குலுக்கலுக்கும் இடிக்கும் நான் நான்கு மடங்கு வைத்துக்கொள்வது வழக்கம். நான்கு மடங்கு என்றால் 2,600. ஓட்டையின் பலமும் அதேதான். அதாவது பைப்பில் ஏழு டன், பின்னில் ஆறு டன், ஓட்டையில் மட்டும் மிச்சமே இல்லை. பைப் கனத்தை 4-லிருந்து 6 ஆக்கினால் கம்பி முழுவதும் எடை ஏறும், ஓட்டைக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். வெளிப் பைப்பில் ஓட்டை வரும் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் 6 மி.மீ எம்எஸ் (சாதாரண இரும்பு) பிளேட் வைத்து வெல்டு செய். உள் பைப்பில் ஒவ்வொரு ஓட்டையிலும் குறுக்கே ஒரு புஷ் (கனமான குழாய்த் துண்டு) போடு, 25 மி.மீ வெளி அளவு, உள்ளே பதினாறரை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. வெல்டு வைத்த பிறகு மேடு இல்லாமல் ராவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிப் பைப்புக்குள் போகாது. ஓட்டைக்கு ஓட்டை 10 சென்டிமீட்டர் போதும்.

இன்னொன்று. ஓட்டையை டிரில்லிங் மிஷினில் போடுங்கள். கேஸ் கட்டிங்கில் ஊதிய ஓட்டையின் விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கும், விரிசல் அங்கேதான் பிறக்கும்.

11 பிப்ரவரி

இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளம். எனக்கு இதில்தான் அக்கறை அதிகம்.

என் முதல் டெலஸ்கோப் பாரில் புஷ்ஷும் கிடையாது, பிளேட்டும் கிடையாது. ஓட்டை 16.5, பின் 16. புதிதாகப் போட்டபோது ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மாதம் கழித்து, வேகத்தடையில் ஏறும்போதும் கியர் மாற்றும்போதும் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் மேட்டூர் ரோட்டில் இழுத்து வரும்போது அந்த 'டக்' என் இடுப்பில் தெரிந்தது. பட்டறைக்கு வந்து பின்னைக் கழற்றி வெர்னியர் வைத்துப் பார்த்தேன். ஓட்டை மேலும் கீழும் 16.6. முன்னும் பின்னும் 19.2. முட்டை வடிவம். விளிம்பில் இரும்பு பிதுங்கி உதடு மாதிரி வெளியே மடங்கியிருந்தது. பின்னில் கீறல் கூட இல்லை.

நடந்தது இதுதான். அரை மி.மீ விளையாட்டு, அதாவது பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவே ஆடுகிற இடைவெளி, இருந்தால், கார் ஒவ்வொரு முறையும் அந்த அரை மி.மீ ஓடிவந்து அடிக்கும். இரும்புக் கம்பிக்குக் கயிறு மாதிரி நெகிழ்வு கிடையாது. ஓடி வந்த ஆயிரம் கிலோ ஒரே புள்ளியில் நிற்கிறது. சுத்தியல் அடிதான். அடிக்க அடிக்க ஓட்டை பெரிதாகும், பெரிதாக ஆக அடி பலமாகும். தானே தன்னை வளர்த்துக்கொள்ளும் நோய் அது. எனவே பார் செய்கிறவன் பலத்தைத் தேடி அலைவதை விட விளையாட்டைக் கொல்ல வேண்டும்.

நான் செய்தது: வெளிப் பைப்பின் வாய்ப்பக்கம் இரண்டு 12 மி.மீ நட்டுகளை வெல்டு வைத்து, போல்ட்டை முறுக்கினால் நுனி உள் பைப்பை அழுத்துகிற மாதிரி அமைத்தேன். தையல் மேடு இருக்கும் பக்கத்தில், மேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் நல்லது. அங்கிருந்து அழுத்தினால் உள் பைப் எதிர்ப்பக்கத்தின் சமமான முகத்தில் போய் உட்காரும். மாற்றி வைத்தால் மேட்டின் மேல் ஏறி ஆடும். பின் போட்டு, ஜீப்பைச் சற்று முன்னே நகர்த்தி கம்பியை விறைப்பாக்கி, அந்த நிலையில் போல்ட் இரண்டையும் இறுக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் இறுக்கிவிட்டு நகர்த்தினால் பாரம் போல்ட் நுனியில்தான் நிற்கும், கொஞ்ச தூரத்தில் நழுவும்.

இரண்டு முனைகளில் வரும் விளையாட்டுக்கு வேறு வழி. பட்டை ஸ்பிரிங் ஷேக்கிளில் வரும் ரப்பர் புஷ் இருக்கிறதே, அதை முனைக் கண்ணுக்குள் (வண்டியில் மாட்டுகிற வளையம்) அழுத்தி நுழைத்தேன். இரும்போடு இரும்பு மோதுவது போய்விட்டது. ரப்பர் வருடம் ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கும், செலவு பெரிதில்லை.

12 பிப்ரவரி

டிராக்டர் டாப் லிங்கை வைத்துச் செய்தால் என்ன என்று கேட்டவருக்கு: அருமையான கேள்வி. நான் இதுவரை யோசித்ததில்லை. காயலாங்கடையில் ஒன்று பார்த்து வாங்கி வந்து சொல்கிறேன்.

19 பிப்ரவரி

வாங்கினேன், பார்த்தேன்.

தெரியாதவர்களுக்கு: டிராக்டர் பின்னால் கலப்பையைப் பிடிக்கும் மூன்று கைகளில் மேல் கைதான் டாப் லிங்க். நடுவில் குழாய், இரண்டு பக்கமும் மரைக் கம்பி, ஒன்று வலது மரை, மற்றது இடது மரை. குழாயைத் திருகினால் இரண்டு முனையும் ஒன்றாக நீளும், ஒன்றாகக் குறையும். முனையில் உருண்டைக் கண், எந்தக் கோணத்திலும் ஆடும். சின்ன டிராக்டருக்கு 19 மி.மீ பின், பெரியதற்கு 25.4. கழலாமல் பூட்டுகிற லிஞ்ச் பின்னோடு எந்த டிராக்டர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. உழும்போது அந்த டாப் லிங்க் பெரும்பாலும் தள்ளப்படுகிறது. கலப்பை மண்ணில் மாட்டி முன்னே கவிழப் பார்க்கும், டாப் லிங்க் அதை எதிர்த்து நிற்கும். ஹாரி பெர்குசன் தன் அமைப்பில் அந்தத் தள்ளை அளந்துதான் கலப்பையைத் தானாகத் தூக்கவும் இறக்கவும் வைத்தார். அப்படிப் பார்த்தால் நாம் தேடுகிற கம்பி நம் வயல்களில் எவ்வளவோ காலமாக இருக்கிறது. தள்ளு தாங்குகிற, நீளம் மாறுகிற, இரண்டு முனையும் ஆடுகிற கம்பி.

ஆனால் அப்படியே டோ பாராகப் போடாதீர்கள். நீளம் போதாது. நடுவில் பைப் வைத்து நீட்டினால், பக்கவாட்டில் ஒரு இடி வந்தாலும் வளைவு முழுவதும் மரை ஆரம்பிக்கும் இடத்தில்தான் சேரும், மரையின் பள்ளம் ஏற்கெனவே பாதி வெட்டுப்பட்ட இடம். பட்டறை வளாகத்துக்குள் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், குலுக்கலில் லாக் நட்டும் தளர்ந்துவிட்டது.

நான் செய்தது, அந்த உருண்டைக் கண் இரண்டை மட்டும் வெட்டி எடுத்து, என் பைப் முனைகளில் பொருத்தியது. ரப்பர் புஷ்ஷை விட நல்லது. மேடு பள்ளத்தில் கம்பி முறுக்கு வாங்குவதில்லை. 11-ஆம் தேதி ரப்பர் புஷ் போடச் சொன்னேனே, அதை மாற்றிக்கொள்கிறேன். உருண்டைக் கண் கிடைத்தால் அதைப் போடுங்கள், கிடைக்காவிட்டால் ரப்பர். உருண்டைக்குக் கிரீஸ் வேண்டாம், மண் ஒட்டும்.

25 பிப்ரவரி

கம்பி எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாட்டுகிற இடம் சரியில்லாவிட்டால் வீண். இந்த வாரம் இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்றில் பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கார்டில் (புல் பார்) கட்டி இழுத்திருக்கிறார்கள். அது நான்கு சின்ன போல்ட்டில் நிற்கும் அலங்காரம், 2017 டிசம்பரிலேயே மத்திய அமைச்சகம் கூடாது என்று சொன்ன பொருள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னொன்றில், கப்பலிலும் டிரெய்லரிலும் வண்டியைக் கீழ்நோக்கிக் கட்ட அடியில் வைத்திருக்கும் சின்ன வளையத்தில் மாட்டியிருக்கிறார்கள். அது விரிந்து கொக்கியாகிவிட்டது.

இப்போதைய கார்களில் டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் திருகு மரையுள்ள ஒரு கண் இருக்கும். பம்பரில் சின்ன மூடியைத் திறந்து அதைத் திருக வேண்டும். கடைசி வரை திருகுங்கள், வீல் ஸ்பேனரை உள்ளே விட்டு இறுக்குங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் இது இடது மரை. வழக்கமான பக்கம் திருகித் திருகி "மரை போய்விட்டது" என்று விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாரோடு ஒரு சங்கிலியும் வேண்டும். கிரேடு 80 (பாரம் தூக்கும் உறுதியான ரகம்), 8 மி.மீ சங்கிலிக்கு வேலைப் பாரம் இரண்டு டன், அது போதும். கம்பிக்கு அடியில், திரும்ப இடம் விட்டு, தரையில் உரசாத அளவுக்கு. முடிந்தால் வேறு புள்ளியில் மாட்டுங்கள். கம்பி மாட்டிய அதே கண்ணில் சங்கிலியையும் மாட்டினால், கண் பிடுங்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

2 மார்ச்

உயரம் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை, கேட்ட தம்பி போட்ட படத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஜீப்பின் கொக்கி உயரத்தில், காரின் கண் தாழ்வில். 30 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒன்றரை மீட்டர் கம்பியில் அது 11 டிகிரிக்கு மேல். பிரேக் அடிக்கும்போது வரும் தள்ளில் ஐந்தில் ஒரு பங்கு மேல்நோக்கிப் போகும். ஜீப்பின் பின்பக்கத்தைத் தூக்கும், காரின் மூக்கைத் தரையில் அமுக்கும். பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் ஜீப்பின் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. ஈர ரோட்டில் இது ஆபத்து.

வித்தியாசம் 8, 10 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஜீப் பக்கம் 12 மி.மீ பிளேட்டில் ஏணி மாதிரி நான்கு ஓட்டை போட்ட ஒரு துண்டைத் தொங்கவிட்டால் உயரமும் மாற்றலாம். நீளம் மாற்றுவதை விட உயரம் மாற்றுவதுதான் அதிகம் தேவைப்படும் என்று இப்போது நினைக்கிறேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

3 மார்ச்

சுருக்கமாக மூன்று பதில்.

ஆட்டோமேட்டிக் கியர் கார்: எஞ்சின் சுழற்றும் சக்கரம் தரையில் உருள இழுக்காதே. எஞ்சின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் ஆயில் பம்ப் சுற்றும். உள்ளே உலர்ந்து தேயும்.

மின்சாரக் கார்: அதுவும் வேண்டாம். சக்கரம் சுற்றினால் மோட்டார் மின்சாரம் தயாரிக்க ஆரம்பிக்கும். மேலே ஏற்றிப் போகும் வண்டியைக் கூப்பிடு.

ஏர் பிரேக் லாரி: காற்று இறங்கினால் பின் சக்கரத்தை ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக் சேம்பரின் பின்னால் இருக்கும் போல்ட்டைத் திருகி ஸ்பிரிங்கை அமுக்கிய பிறகுதான் நகரும். அதற்கு இந்தப் பார் போதவே போதாது. லாரிக்காரர்கள் தயவுசெய்து இந்த அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

16 மார்ச்

'ஏ' வடிவில் இரண்டு கால் வைத்துச் செய்தால் காரில் ஆளே வேண்டாமே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். இரண்டு கால்களும் காரின் முன்பக்கத்தில் இரண்டு இடத்தில் பிடித்தால், கார் டிரெய்லர் மாதிரி பின்னாலேயே வரும். ஸ்டீயரிங் பூட்டு திறந்திருந்தால் முன் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும், தள்ளுவண்டிச் சக்கரம் திரும்புவது போல. ஒற்றைக் கம்பியில் அது நடக்காது, ஒருவர் ஸ்டீயரிங் பிடித்தே ஆக வேண்டும்.

ஆனாலும் நான் ஒற்றைக் கம்பிக்குத்தான் வருகிறேன். பெரும்பாலான கார்களில் முன்னால் ஒரே ஒரு கண்தான் இருக்கிறது. இரண்டாவது பிடிக்கு சேஸிஸில் பிராக்கெட் அடிக்க வேண்டும், வழியில் நின்ற வண்டியில் அது முடியாது. சட்டமும் ஆள் கேட்கிறது. தவிர, 'ஏ' வடிவத்தை மறந்துபோய் ரிவர்ஸ் எடுத்தால் முன் சக்கரம் ஒரு பக்கம் முழுவதும் திரும்பி, கம்பி வளைந்துவிடும். எடையும் பார்க்க வேண்டும். என் ஒற்றைக் கம்பி முனை, பிளேட் எல்லாம் சேர்த்து 16 கிலோ. என் மனைவியே டிக்கியிலிருந்து தூக்கி மாட்டிவிடுவார். 'ஏ' என்றால் இரண்டு ஆள் வேண்டும்.

ஒரே வண்டியைத் திரும்பத் திரும்ப இழுப்பவராக இருந்தால் 'ஏ' சரி. தம்பிக்கு அதுதான் பொருந்துமோ என்று ஒரு யோசனை இருக்கிறது. அவர் கார் ஒன்றுதானே. இருந்தாலும் முதலில் ஒற்றைக் கம்பி செய், அப்புறம் பார்க்கலாம்.

30 மார்ச்

தம்பி செய்து முடித்துப் படம் போட்டிருக்கிறார். வேலை சுத்தம். சந்தோஷம். ஒரு இடம் மட்டும் மாற்ற வேண்டும்.

உருண்டைக் கண்ணைப் பைப் வாயில் முட்டவைத்து, சுற்றிலும் வெல்டு வைத்திருக்கிறாய். இழுப்பும் தள்ளும் முழுவதும் அந்த ஒரு வளையத்தின் குறுக்கே போகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வெல்டின் ஓரத்தில் பைப் பக்கம் ஒரு வாய்க்கால் தெரிகிறது. ஆம்பியர் அதிகம் வைத்து வேகமாக இழுத்திருக்கிறாய், வெல்டிங் ராடு பைப்பைத் தின்றிருக்கிறது. 4 மி.மீ சுவரில் ஒரு மி.மீ போனால் கால் பங்கு போச்சு. விரிசல் அந்த வாய்க்காலில்தான் ஆரம்பிக்கும்.

வெட்டி எடு. கண்ணின் தண்டை 10 சென்டிமீட்டராவது பைப்புக்குள் விடு, இடைவெளிக்குப் பிளேட் துண்டு வை. பைப்பின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, அந்தப் பள்ளத்தில் தண்டோடு சேர்த்து வெல்டு வை. அப்போது வெல்டு பாரத்தோடு நெடுக ஓடும். 7018 ராடு, 3.15 மி.மீ, அடுப்பில் காய வைத்தது. ஈரம் ஏறின ராடு வேண்டவே வேண்டாம். முதலில் அங்கங்கே புள்ளி வெல்டு (டேக்) அடித்து, நேராக இருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்த்துவிட்டு முழு வெல்டு. சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதே. கண்ணின் தண்டு கார்பன் அதிகம் உள்ள இரும்பு, திடீரென்று குளிர்ந்தால் நொறுங்குகிற மாதிரி ஆகிவிடும். சாக்கைப் போர்த்தி விட்டுவிடு.

மற்றபடி சிவப்புக் கோடு, போல்ட், பிளேட் எல்லாம் சொன்னபடி இருக்கிறது. ஏணித் துண்டில் நீ ஐந்து ஓட்டை போட்டது என்னுடையதை விட நல்ல யோசனை. நானும் மாற்றப்போகிறேன்.

1 ஏப்ரல்

சங்கிலி படத்தில் இல்லை. வாங்கிவிட்டாயா?

21 ஜூலை

கேட்டிருந்தீர்கள் என்பதால் இன்று கழற்றி அளந்தேன். புஷ் போட்ட பார், பிப்ரவரிக் கடைசியிலிருந்து இருபத்திரண்டு முறை இழுத்திருக்கிறது, அதில் நான்கு முறை தொப்பூர் இறக்கம். ஒரு முறை மழையில். வெளிப் பைப் பிளேட்டில் ஓட்டை மேலும் கீழும் 16.5, முன்னும் பின்னும் 16.6. உள் புஷ்ஷில் பெயிண்ட் மட்டும் உரிந்திருக்கிறது. அழுத்தும் போல்ட்டுகளில் ஒன்றின் நுனி காளான் மாதிரி விரிந்து, திருகி வெளியே எடுக்க முடியாமல் நட்டோடு வெட்ட வேண்டியதாயிற்று. அடுத்த முறை நுனியை ஒரு மரை அளவுக்கு லேத்தில் சீவிவிட்டுப் போடுவேன், விரிந்தாலும் வெளியே வரும். ஏற்கெனவே செய்தவர்களும் இதைச் செய்துவிடுங்கள்.